வந்த தேதியா, குளித்த தேதியா? பிரசவ நாளைக் கணக்கிடுவது எப்படி

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?"

நர்ஸம்மா தலை நிமிராமல் கேட்டார். "ஜூன் 12" என்றாள் என் தங்கை. தாய்-சேய் நல அட்டையில் எல்.எம்.பி., அதாவது கடைசி மாதவிலக்குத் தேதி என்று போட்டிருந்த கட்டத்தில் 12.06.2024 ஏறியது. அதற்குக் கீழே இ.டி.டி., அதாவது பிரசவத்துக்கு உத்தேசமாகக் குறிக்கும் நாள்: 19.03.2025. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அக்கா, குளிச்சது பன்னெண்டு. வந்தது பத்தாம் தேதியாச்சே!"

அவள் கைப்பேசிச் செயலி பத்தாம் தேதியை வைத்து மார்ச் 17 என்றது. ஆகஸ்ட் 9 அன்று எடுத்த முதல் ஸ்கேன் மார்ச் 24 என்றது. ஜனவரி கடைசியில் எடுத்த வளர்ச்சி ஸ்கேன் ஏப்ரல் 2 என்று அச்சடித்துக் கொடுத்தது. ஒரு குழந்தை, நான்கு தேதி. அம்மா ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தத் தேதிக்குடி நான் லீவு சொல்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. அந்தக் கர்ப்பகாலம் முழுக்க ஃபைலைத் தூக்கிக்கொண்டு தங்கையோடு அலைந்தவள் நான். டாக்டரைக் கேட்டும் தேடிப் படித்தும் எனக்குப் பிடிபட்டதை, முதல் முறை தாயாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது

கர்ப்பமாக இருப்பவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்போம். தலை முழுக வேண்டிய நாள் வந்தும் முழுகவில்லை. அதுதான் முதல் அடையாளம். மருத்துவக் கணக்கும் இதே இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. கரு உண்டான நாள் யார் கண்ணுக்கும் தெரியாது. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவந்ததைப் பெரும்பாலான பெண்கள் உணர்வதே இல்லை. கணவன் மனைவி சேர்ந்த நாளை வைத்தும் சொல்ல முடியாது. முட்டைக்கு ஆயுள் சுமார் ஒரு நாள்தான் என்றாலும், விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தவர்களுக்கு வியாழக்கிழமை கரு உண்டாகலாம். தேதி போட்டுச் சொல்லக்கூடிய ஒன்று, கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள் மட்டுமே. அந்த முதல் நாளில் இருந்து 280 நாள், அதாவது 40 வாரம் எண்ணினால் வருவது இ.டி.டி.

இந்தக் கணக்கில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் எதுவுமே இல்லை. 28 நாளுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருகிறவர்களுக்கு, முட்டை சுமார் 14-வது நாளில் வெளிவருகிறது. கரு உண்டானதில் இருந்து எண்ணினால் 266 நாள்தான். முன்னால் உள்ள 14 நாள் கணக்கு வசதிக்காகச் சேர்ந்துகொண்டது.

இது தெரியாமல் வீடுகளில் வருகிற வம்பு கொஞ்சமில்லை. கணவன் துபாயில் வேலை. லீவில் வந்து சரியாக 6 வாரம் ஆகிறது. ஸ்கேன் சீட்டில் "8 வாரம்" என்று இருக்கிறது. மாமியார் விரல்விட்டு எண்ணுகிறார், முகம் மாறுகிறது. மருமகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 8 வாரக் கர்ப்பம் என்றால் கரு உண்டாகி 6 வாரம் என்றுதான் பொருள். சீட்டில் இருப்பது மாதவிலக்கில் இருந்து எண்ணிய வாரம். இந்த ஒரு வரியை ஸ்கேன் அறையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எத்தனையோ வீட்டில் கண்ணீர் மிச்சம். சொல்கிறவர்கள் குறைவு.

"பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்பதைச் சிலர் மிகைப்படுத்தல் என்று நினைக்கிறார்கள். காலண்டர் மாதத்தில் பார்த்தால் 40 வாரம் என்பது 9 மாதமும் ஒரு வாரமும்தான். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் 280 நாள் அச்சுப் பிசகாமல் 10 மாதம். அம்மாக்கள் சொன்னது சரியான கணக்கு. சிக்கல் வருவது வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போதுதான். டாக்டர் வாரத்தில் பேசுகிறார், வீடு மாதத்தில் பேசுகிறது. "30 வாரம்" என்பதை நாலால் வகுத்து ஏழரை மாதம் என்பார் ஒருவர். காலண்டரைப் பார்த்து ஏழே இன்னும் முடியவில்லை என்பார் இன்னொருவர். வளைகாப்பை எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் வாரத்திலேயே பேசுங்கள்.

ஏழைக் கூட்டு, மூன்றைக் கழி

280 நாளை விரல்விட்டு எண்ண யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்கொரு குறுக்குவழி உண்டு. மாதவிலக்கு தொடங்கிய தேதியோடு 7 நாளைக் கூட்டு, மாதத்தில் 3-ஐக் கழி. தங்கைக்கு வந்தது ஜூன் 10. ஏழு கூட்டினால் 17. ஜூனில் இருந்து மூன்று மாதம் பின்னால் போனால் மார்ச். ஆகவே அடுத்த வருடம் மார்ச் 17. செயலி சொன்னது இதைத்தான். டாக்டர் மேசையில் கிடக்கும் வட்ட அட்டைச் சக்கரத்தைச் சுழற்றினாலும் இதை ஒட்டியே வரும்.

இதற்கு நேகலே விதி என்று பெயர். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரான்ஸ் கார்ல் நேகலே 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைப் பரப்பினார். ஆனால் கணக்கு அவருடையது அல்ல. ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி 1738-ல் காலமான ஹெர்மன் பூர்ஹாவே அவருக்கு முன்பே எழுதி வைத்தது. பூர்ஹாவே எழுதியதில் ஒரு ஓட்டை இருந்தது: ஏழு நாளைக் கூட்டுவது மாதவிலக்கின் முதல் நாளோடா, கடைசி நாளோடா என்று தெளிவாக இல்லை. பின்னால் வந்தவர்களில் சிலர் அப்படி எடுத்துக்கொண்டார்கள், சிலர் இப்படி. இன்று உலகம் முழுக்க முதல் நாள்தான் கணக்கு. நாங்கள் செருப்பு மாட்டும்போது கண்டுபிடித்த பிசகு கிட்டத்தட்ட 300 வருடப் பழையது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் இந்தப் பிசகு நிறையவே நடக்கும். மாதவிலக்கைப் பற்றி நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு "எப்போ குளிச்சே" என்று கேட்கிறார்கள். சில வீட்டில் மூன்றாம் நாள் குளியல், சில வீட்டில் ஐந்தாம் நாள். பெண்களுக்கும் தலைக்குக் குளித்த நாள்தான் மனதில் நிற்கிறது. அன்றுதான் வீட்டில் மறுபடி எல்லா இடமும் புழங்க ஆரம்பிப்பார்கள். யாராவது குளித்த தேதி கேட்டால் வந்த தேதியைச் சொல்லுங்கள், அதையே சொல்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் திரும்பப் போய்ச் சொன்னோம். நர்ஸம்மா முகம் சுளிக்காமல் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

தேதி நினைவில் இல்லையென்றால் விசேஷ நாட்களைப் பிடித்துப் பின்னோக்கி நடக்கலாம். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு கோயிலுக்குப் போனேனா? போகல, ஏன்னா அதுக்கு முதல் நாள்தான் வந்துச்சு" என்கிற மாதிரி. எங்கள் பாட்டி இப்படித்தான் அத்தனை பேரன் பேத்திகளின் கணக்கையும் சொல்வார்.

குறுக்குவழியில் இன்னொரு சின்ன ஓட்டையும் உண்டு. மாதங்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஜூன் 10-க்கு விதியும் 280 நாளும் ஒரே தேதியில் வந்து நிற்கின்றன. மே 10-ஐ எடுத்துப் பாருங்கள். விதிப்படி பிப்ரவரி 17. ஒவ்வொரு நாளாக எண்ணினால் பிப்ரவரி 14. செயலியும் டாக்டரும் இரண்டு மூன்று நாள் முரண்பட்டால் பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான்.

பெரிய ஓட்டை வேறு. மொத்தக் கணக்கும் 14-வது நாள் முட்டை வெளிவந்தது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கே அது முன்பின் ஆகும். 35 நாளுக்கு ஒரு முறை வருகிறவர்களுக்கு முட்டை சுமார் 21-வது நாளில்தான் வெளிவரும், அதனால் இ.டி.டி.-யையும் 7 நாள் தள்ள வேண்டும். 24 நாளுக்கு ஒரு முறை என்றால் 4 நாள் குறைக்க வேண்டும். என் தங்கைக்கு 35 நாள். அட்டை போடும்போது அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வராமலே இருந்துவிட்டுத் திடீரென்று கரு தங்கும். கருத்தடை மாத்திரையை நிறுத்திய மாதத்தில் முட்டை தாமதமாக வரலாம். முதல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு முறை கூட மாதவிலக்கு வராமலே அடுத்தது தங்கிவிடுவதும் உண்டு. அப்போது எண்ணத் தொடங்க ஒரு தேதியே கிடையாது. இன்னும் சிலருக்குக் கர்ப்பம் தரித்த பிறகும் லேசாக ரத்தம் படும். அதை மாதவிலக்கு என்று நினைத்துக் குறித்துக்கொண்டால் கணக்கு ஒரேயடியாக ஒரு மாதம் சறுக்கிவிடும். இவர்களுக்கெல்லாம் ஏழைக் கூட்டி மூன்றைக் கழிப்பது வீண் வேலை.

பதின்மூன்று மில்லிமீட்டர்

ஸ்கேனுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கப்பல் கட்டும் ஊர். அங்கே இருந்த இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிக்கும் தொழிற்சாலைக் கருவியை மனித உடலுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். 1955-ல் ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் தொடங்கிய சோதனை, 1958-ல் லான்செட் இதழில் கட்டுரையாக வந்தது. அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் 1973-ல் இன்னொன்றைக் காட்டினார்: மூன்று மாதத்துக்குட்பட்ட கருவை உச்சந்தலையில் இருந்து பிட்டம் வரை அளந்தால் அதன் வயதைச் சில நாள் பிசகில் சொல்லிவிடலாம். உங்கள் ஸ்கேன் சீட்டில் சி.ஆர்.எல். என்று இருப்பது இந்த அளவுதான்.

ஏன் பிட்டத்தோடு நிறுத்துகிறார்கள்? கரு காலை மடக்கிச் சுருண்டு கிடக்கிறது. பாதம் வரை அளக்க வழியில்லை.

ஆகஸ்ட் 9 அன்று நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிற மங்கலுக்கு நடுவே அவரை விதை போல ஒரு கருப்புப் பை. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு, நடுவில் ஏதோ துடித்தது. டாக்டர் படத்தை அசையாமல் நிறுத்தி, தலைப்பக்கம் ஒரு கூட்டல் குறி, கீழே ஒரு கூட்டல் குறி வைத்தார். இரண்டுக்கும் நடுவே புள்ளிக்கோடு. ஓரத்தில் எண் வந்தது. அழித்துவிட்டு மறுபடி அளந்தார், இன்னொரு முறையும் அளந்தார். கரு கொஞ்சம் வளைந்து கிடந்தாலும் நீளம் குறைந்துவிடும், அதனால் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பார்களாம். 13 மில்லிமீட்டர். இயந்திரம் தனக்குள் இருக்கும் அட்டவணையைப் பார்த்து "7 வாரம் 4 நாள்" என்றது.

மாதவிலக்குக் கணக்கில் அன்று 60-வது நாள், அதாவது 8 வாரம் 4 நாள். சரியாக ஒரு வாரம் குறைவு. தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. "வளர்ச்சி பத்தலையா டாக்டர்?" டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?" 35 நாள் என்றதும் சிரித்தார். குழந்தை அதன் வயதுக்குச் சரியாகவே இருந்தது. தப்பாக எண்ணியது நாங்கள்.

வீட்டில் கணக்குப் பார்க்க ஒரு வழி உண்டு. 6 முதல் 9 வாரம் வரை கரு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மில்லிமீட்டர் அளவோடு 42-ஐக் கூட்டினால் கர்ப்பத்தின் நாள் தோராயமாக வரும். 13-ம் 42-ம் 55. அட்டவணை சொன்னது 53. இரண்டு நாள் வித்தியாசம், வாய்க்கணக்குக்கு மோசமில்லை. 7 வாரத்தில் சுமார் 10 மில்லிமீட்டர், 8-ல் 16, 10-ல் 32, 12-ல் 54 என்று அது நீண்டுகொண்டே போகும்.

தொடக்க மாதங்களில் இந்த அளவை நம்பக் காரணம் எளியது. நாற்றங்காலைப் பார்த்தவர்களுக்குப் புரியும். விதைத்த முதல் சில நாளில் எல்லா நாற்றும் ஒரே உயரம். நல்ல மண், களர் மண் என்ற பேதம் பிறகுதான் தெரியும். கருவும் அப்படி. அப்பா ஆறடியா, அம்மா ஒல்லியா என்பதெல்லாம் முதல் மூன்று மாதத்தில் அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. அதனால் நீளம் நேரே வயதைச் சொல்கிறது, பிசகு 5 முதல் 7 நாள்தான். சி.ஆர்.எல். 84 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால், அதாவது 14 வாரத்தை நெருங்கிவிட்டால், அந்த அளவுகோல் பயன்படாது. தலையின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் என்று வேறு அளவுகளுக்குப் போக வேண்டும். போகப் போகக் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு கூடும், கணிப்பின் பிசகும் கூடும்.

அதற்காக யூரின் கிட்டில் இரண்டு கோடு பார்த்த மறுநாளே ஓட வேண்டாம். 5 வாரத்தில் திரையில் வெறும் பைதான் தெரியும். அதற்குள் கருவுக்கு உணவு தரும் சிறு வளையம் ஐந்தரை வாரத்தில் தெரியும். இதயத் துடிப்பு தெரிய சுமார் 6 வாரம் ஆக வேண்டும், அதுவும் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்ஸ்கேனில். முட்டை தாமதமாக வெளிவந்தவர்களுக்கு இந்தத் தேதிகள் எல்லாமே தள்ளிப்போகும். "ஹார்ட் பீட் தெரியல, இரண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்து இரண்டு வாரமும் அழுதுகொண்டிருந்த பெண்களை எனக்குத் தெரியும்; அவர்களில் சிலருக்குக் கணக்குத்தான் முந்திக்கொண்டிருந்தது. கடுமையான வயிற்று வலியோ, ரத்தப்போக்கோ, மயக்கமோ இருந்தால் மட்டும் கதை வேறு. கரு குழாயில் தங்கியிருக்கலாம், வாரம் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் எவ்வளவு என்று பார்த்து வயதைச் சொல்ல முடியாது; ஒரே வாரத்தில் இரண்டு பெண்களுக்குப் பல மடங்கு வித்தியாசப்படும். டாக்டர் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தால், சுமார் 12 வாரத்தில் கர்ப்பப்பை அடிவயிற்று எலும்புக்கு மேலே தட்டுப்படும். குழந்தை முதலில் துள்ளுவதை உணர்வது தலைச்சனுக்கு 18 முதல் 20 வாரம், அடுத்த குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் முன்னால். ஸ்கேன் வராத காலத்தில் இவைதான் துணை. இப்போது இவற்றை வைத்துத் தேதி குறிப்பதில்லை, குறித்த தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள்.

சோதனைக் குழாய் முறையில் கருத்தரித்தவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. கரு உண்டான நாள் ஆய்வகப் பதிவேட்டிலேயே இருக்கிறது. 5 நாள் வளர்ந்த கருவை உள்ளே வைத்திருந்தால், வைத்த நாளோடு 261 நாளைக் கூட்ட வேண்டும். 3 நாள் கரு என்றால் 263. ஜூலை 1 அன்று 5 நாள் கருவை வைத்தால் அடுத்த மார்ச் 19. இவர்கள் ஸ்கேன் அளவை வைத்து இ.டி.டி.-யை மாற்ற வேண்டியதில்லை.

எது ஜெயிக்கும்?

மாதவிலக்குக் கணக்கும் முதல் ஸ்கேனும் மோதினால் என்ன செய்வது என்பதற்கு எழுதப்பட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. ஏகாக் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2017-ல் வெளியிட்டது இப்படிச் சொல்கிறது. மாதவிலக்குப்படி 9 வாரம் முடியாத நிலையில், இரண்டுக்கும் 5 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள். 9 வாரத்தில் இருந்து 14 வாரத்துக்குள் என்றால் 7 நாளுக்கு மேல் இருந்தால்தான் மாற்று. அதற்குள் அடங்கும் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதே, மாதவிலக்குத் தேதியே நிற்கட்டும். கர்ப்பம் வளர வளர இந்த வரம்பும் வளர்கிறது. 28 வாரத்துக்குப் பிறகு 21 நாளுக்கு மேல் முரண்பட்டால்தான் மாற்றுவது பற்றியே யோசிக்கச் சொல்கிறது. அப்போதும் எச்சரிக்கையோடு, ஏனென்றால் குழந்தை உண்மையிலேயே வளராமல் இருக்கலாம். தேதியை மாற்றினால் அந்த ஆபத்து ஃபைலுக்குள் மறைந்துபோகும்.

தங்கைக்கு 8 வாரம் 4 நாளில் 7 நாள் வித்தியாசம். வரம்பு 5. ஆகவே மார்ச் 24 நின்றது, மார்ச் 17-ம் 19-ம் போய்விட்டன. டாக்டர் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வட்டம் போட்டார்.

அப்படியானால் ஏப்ரல் 2? ஜனவரி 27 அன்று அவளுக்கு 32 வாரம். குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்து இயந்திரம் 30 வாரம் 5 நாள் என்று கணித்து, அதற்கேற்ப ஒரு தேதியைத் தானாகவே அச்சடித்துவிட்டது. அந்த ஸ்கேன் எடுத்தது வயதைக் கேட்க அல்ல, எடையைப் பார்க்க. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் குட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவன் பிறந்த தேதியை யாராவது திருத்துவார்களா? கடைசி மாதங்களில் ஸ்கேன் சீட்டின் கீழே வரும் இ.டி.டி.-யை இப்படித்தான் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் ஒரு முறை குறித்தது குறித்ததுதான். என்னைக் கேட்டால், பிந்தைய சீட்டுகளில் அந்த வரியே அச்சாகக் கூடாது. வீட்டுக்கு வீடு பயத்தைக் கிளப்புவதைத் தவிர அதனால் வேறு பயன் நான் பார்த்ததில்லை.

ஆனால் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம்தான் முதல் முறையாக ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிந்தைய ஸ்கேனை விட்டால் வேறு வழியில்லை. இயந்திரங்களில் உள்ள சூத்திரங்கள் பெரும்பாலும் மேலை நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவாக்கியவை. இதற்காகச் சென்னை ஐ.ஐ.டி.-யும் ஃபரிதாபாத்தில் உள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, இந்தியக் கர்ப்பிணிகளின் அளவுகளைக் கொண்டு கர்பினி-ஜிஏ2 என்ற கணிப்பு முறையை உருவாக்கி 2024-ல் அறிவித்தன. இரண்டாவது, மூன்றாவது மும்மாதங்களில் வயதைக் கணிப்பதற்கானது அது.

தேதிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், பின்னால் வரும் எல்லாமே அதில் தொங்குகின்றன. குழந்தையின் கழுத்துத் தோல் தடிமன் பார்க்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரத்தில் இருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். சர்க்கரைச் சோதனை 24 முதல் 28. குறைமாதத்தில் வலி வந்தால் நுரையீரலுக்கான ஊசி போடுவதா என்பது, குழந்தை 34 வாரத்தைத் தாண்டியதா என்பதைப் பொறுத்தது. தேதி கடந்தும் வலி வராவிட்டால் எத்தனை நாள் காத்திருப்பது என்பதும் இதை வைத்துத்தான்.

இன்னொன்றை உரக்கவே சொல்கிறேன். சிசேரியன் என்று முடிவானதும் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நம்மிடையே அதிகம். நல்ல நட்சத்திரம் பத்து நாள் முன்னால் இருக்கிறது, அன்றைக்கே வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரை நெருக்குகிறார்கள். அவசியம் இல்லாதபோது 39 வாரம் முடியும் முன் குழந்தையை எடுக்க டாக்டர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நுரையீரல் கடைசி வாரங்களில்தான் முழுசாகத் தயாராகிறது. அதற்கு மேல் தேதியும் தவறாக இருந்தால் எண்ணிப் பாருங்கள். தங்கையின் அட்டையில் ஜூன் 10-ஐ எழுதி, ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால், "38 வாரம் ஆச்சே" என்று நாங்கள் நாள் குறிக்கும்போது குழந்தைக்கு 37 தான் ஆகியிருக்கும். நட்சத்திரம் சரியாக இருந்திருக்கும்.

இத்தனை பாடுபட்டுக் குறித்தாலும், அந்தத் தேதியிலேயே பிறப்பது நூற்றில் நான்கைந்து குழந்தைதான். முட்டை வெளிவந்த நாளைச் சிறுநீர் ஹார்மோனை வைத்து உறுதியாகத் தெரிந்துகொண்ட 125 கர்ப்பங்களைப் பற்றி 2013-ல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. முட்டை வெளிவந்ததில் இருந்து பிரசவம் வரை நடுவளவு 268 நாள்; பாதிப் பேருக்கு அதற்கு முன்னால், பாதிப் பேருக்குப் பின்னால். குறைப்பிரசவங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் சீக்கிரம் பிறந்ததற்கும் தாமதமாகப் பிறந்ததற்கும் 37 நாள் இடைவெளி. அதாவது தொடக்க நாள் துல்லியமாகத் தெரிந்தாலும் முடியும் நாளைக் குழந்தை தன் இஷ்டத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறது. அம்மாவிடம் டாக்டர் சொன்னது: "மார்ச் 10-லேர்ந்து பையைக் கட்டி வெச்சிருங்கம்மா. லீவு கடைசி ரெண்டு வாரத்துக்குச் சொல்லுங்க."

பிறந்தது மார்ச் 21, வெள்ளிக்கிழமை விடியற்காலை. ஃபைலில் இருந்த நான்கு தேதியில் ஒன்றும் இல்லை. இப்போது தங்கை வீட்டுச் சமையலறைக் காலண்டரில் மாதத்துக்கு ஒரு தேதியில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறது. குளித்த நாளில் இல்லை, வந்த நாளில்.